மகரந்தமின்றிப் பிறந்த தோடை

தோடம்பழத்தின் விதையொன்றை மண்ணில் ஊன்றி நீர் வார்த்து வந்தால், சில வாரங்களில் அவ்விடத்தில் ஒரு முளை மட்டுமன்றி இரண்டு மூன்று முளைகள் ஒருங்கே தலைகாட்டுவதைக் காணலாம். வீட்டு வளவில் தோடையோ தேசியோ வைத்துப் பார்த்த நேயர்கள் பலர் இதனைக் கவனித்திருப்பார்கள். இரண்டு விதைகள் ஒரே குழியில் விழுந்துவிட்டன போலும் என்று எண்ணியும் இருப்பார்கள். விதை ஒன்றுதான். அதனுள் உறங்கிக் கிடந்த முளையங்களே பல.

அம் முளையங்களுள் ஒன்று மட்டுமே மகரந்தமும் சூலும் கூடியதனால் உண்டானது. ஏனையவை தந்தையின் தொடர்பு எதுவுமின்றி, சூல்வித்தினுள் இருக்கும் தாய்மரத்தின் இழையத்திலிருந்து தாமாகவே தோன்றியவை. ஆகவே அவை தாய்மரத்தின் அச்சொட்டான படிகள். தாயின் குணம் யாது, அதுவே பிள்ளையின் குணம். பெரும்பாலும் இவையே விரைந்து வளர்வன; கூடிப் பிறந்த ஒற்றை முளையம் இவற்றிடையே நெருக்குண்டு மடிந்துபோவதே வழக்கம்.

கன்று வளர்த்து விற்பவனுக்கு இது பெரும் வாய்ப்பு. விதை போட்டு எடுத்த கன்றுகள் யாவும் ஒரே தரமாக அமைந்துவிடும். ஆனால் இரண்டு நல்ல இனங்களைக் கலந்து மூன்றாவதாக ஒரு புதிய இனத்தை உண்டாக்க விழையும் ஆராய்ச்சியாளனுக்கோ இதுவே முதற்பகை. அவன் பூவைத் திறந்து, தான் தெரிந்தெடுத்த மகரந்தத்தைத் தூவி, பையிட்டுக் காத்து, பழம் பறித்து, விதையை நாட்டுகிறான். வந்து நிற்பதோ பழைய தாய்மரமே. இந்தப் பகையை அறிஞர்கள் எவ்வாறு கடந்தார்கள், பூவையும் மகரந்தத்தையும் விட்டுக் கலத்தோடு கலத்தையே கூட்டி எவ்வாறு புதிய தோடைகளைப் பிறப்பித்தார்கள் என்பதே இப்பேச்சின் பொருள்.

தோடைக் குடும்பத்தின் வரலாறு முழுவதும் கலப்பின் வரலாறே. நாம் வெவ்வேறு பெயரிட்டு அழைக்கும் பழங்களுட் பெரும்பாலானவை மூன்று முக்கிய மூதாதையரின் வழிவந்தவை. ஒன்று பம்பளிமாசு, மற்றொன்று தோல் எளிதில் உரியும் மண்டரின், மூன்றாவது சிற்றோன் எனப்படும் தடித்த தோலுடைய நாரத்தை வகை. பம்பளிமாசும் மண்டரினும் பண்டைக் காலத்தில் ஆசியாவில் கலந்ததன் பேறாகவே இனிப்புத் தோடை பிறந்தது. அந்த இனிப்புத் தோடை பம்பளிமாசோடு மீண்டும் கலந்து, 18 ஆம் நூற்றாண்டில் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படோசில் கிரேப் புரூட் என்னும் பழத்தைத் தந்தது. இவையெல்லாம் மனிதன் திட்டமிட்டுச் செய்தவையல்ல. தேனீக்களும் தற்செயலும் செய்தவை.

இதில் ஒன்று கவனிக்கத் தக்கது. வலென்சியா, ஹம்லின், நேவல் என்று உலகச் சந்தையில் விலைபோகும் இனிப்புத் தோடைகள் பெயரால் வேறாயினும் பிறப்பால் வேறல்ல. ஆதியில் பிறந்த ஒரே கலப்பு மரத்தின் கிளைகளில் அவ்வப்போது ஏற்பட்ட சிறு விகாரங்களை மனிதன் கண்டு, ஒட்டுக்கட்டிப் பெருக்கியவையே அவை. இலட்சக்கணக்கான ஏக்கரில் நிற்கும் மரங்கள் யாவும் ஏறத்தாழ ஒரு மரமே என்று சொன்னாலும் பிழையாகாது. ஒரு மரத்தை வீழ்த்தவல்ல நோய் எல்லா மரத்தையும் வீழ்த்தவல்லது என்பது இதனாற் போதரும்.

அவ்வாறு வீழ்த்திய நோய்களும் உண்டு. தோடை மரம் பெரும்பாலும் இரண்டு மரங்கள் ஒன்றானது. நிலத்தின் கீழே வேர் தரும் ஒட்டுக்கட்டை ஓரினம். மேலே பழம் தரும் கிளை மற்றோர் இனம். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அசோர்சுத் தீவுகளில் அடித்தண்டை அழுகச் செய்யும் நோய் பரவியபோது, அதனைத் தாங்கவல்ல புளித்தோடையை ஒட்டுக்கட்டையாகக் கொள்ளும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றியது. புளித்தோடையின் வேர் சுண்ணாம்பு மண்ணிலும் தழைக்கும். ஈர நிலத்திலும் அழுகாது. அதன்மேல் விளையும் பழமும் சுவை மிக்கது. குறையொன்றும் இல்லை என்றே எல்லோரும் நம்பினர். 1930 களில் ஆர்ஜென்ரீனாவிலும் பிரேசிலிலும் புளித்தோடைக் கட்டையில் நின்ற மரங்கள் திடீரென வாடி மடியத் தொடங்கின. அழுக்கணவன் என்னும் சிறு பூச்சி கொண்டு வந்த வைரசு, ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே உரியத்தைச் சாகடித்து, வேரைப் பட்டினி போட்டுக் கொன்றது. பத்து இலட்சக்கணக்கான மரங்கள் அழிந்தன. பிரேசில் மக்கள் அந்நோய்க்குத் 'திரிசுத்தேசா' என்று பெயரிட்டனர். அம்மொழியில் அதற்குத் துயரம் என்பது பொருள். விஞ்ஞானப் பெயர்களுள் இத்துணை நேர்மையான பெயர் அரிது.

இரண்டாவது நோய் இதனினும் கொடியது. தென்சீனத்துக் கமக்காரர் நெடுநாளாக அறிந்திருந்த மஞ்சள் தளிர் நோய், சீன மொழியில் 'குவாங்லொங்பிங்' எனப்படுவது, 2004 இல் பிரேசிலிலும் 2005 இல் அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. இதனை விளைப்பது உரியத்தில் வாழும் ஒரு பற்றீரியம். மரத்துக்கு மரம் அதனைக் காவிச் செல்வது சாறுறிஞ்சும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி. அப்பூச்சி நம் வீட்டுக் கறிவேப்பிலையிலும் குடியிருந்து பெருகக்கூடியது. அமெரிக்காவுக்குப் பயணம் செய்வோர் பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டு செல்லக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருப்பதற்குக் காரணமும் இதுவே. நோய் கண்ட மரத்தின் இலை மஞ்சள் திட்டாகும், பழம் கோணலாகிப் பச்சையாகவே நின்று உதிரும், வேர் தேயும், மரம் சில ஆண்டுகளில் பயனற்றுப் போகும். 2003-04 ஆம் ஆண்டுப் பருவத்தில் புளோரிடா 24 கோடியே 20 இலட்சம் பெட்டி தோடம்பழம் பறித்தது. பெட்டியொன்றின் நிறை ஏறத்தாழ 41 கிலோகிராம். 2022-23 ஆம் ஆண்டுப் பருவத்தில் பறித்தது 1 கோடியே 60 இலட்சம் பெட்டிக்கும் குறைவு. அந்த ஆண்டு வீசிய சூறாவளிக்கும் இவ்வீழ்ச்சியிற் பங்குண்டு என்றாலும், நோய்தான் முதற்காரணம். தலைமுறை தலைமுறையாகத் தோடை நாட்டிய குடும்பங்கள் நிலத்தை வீடு கட்டுவோருக்கு விற்றுவிட்டு வெளியேறின.

நோய் தாங்கும் குணம் தோடையின் உறவு மரங்கள் சிலவற்றில் உண்டு. அக்குணத்தைத் தோடையிற் சேர்த்துவிடலாமே என்று கேட்கலாம். அம்முயற்சி பழையது. 1894-95 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் புளோரிடாவின் தோடைத் தோட்டங்கள் உறைபனியால் பாழானபோது, வோல்ரர் சுவிங்கிள் என்னும் தாவரவியலறிஞர், குளிர் தாங்கும் மூவிலைத் தோடையை இனிப்புத் தோடையோடும் கிரேப் புரூட்டோடும் கலக்கத் தொடங்கினார். மூவிலைத் தோடை சீன நாட்டு முள்மரம். அதன் காய் வாயில் வைக்க முடியாத கசப்பு. பிறந்த கலப்புப் பிள்ளைகள் குளிரைத் தாங்கின. ஆனால் கசப்பையும் கைவிடவில்லை. உண்ணும் பழமாக அவை தோற்றன. பின்னர் ஒட்டுக்கட்டையாக அவற்றை எடுத்துப் பார்த்தபோதுதான் அவற்றின் அருமை புலப்பட்டது. 1907 இல் கலந்த ஒரு கலப்பினம், 1974 இல், அவர் மறைந்து பல்லாண்டுகளின் பின், அவர் பெயரையே தாங்கி ஒட்டுக்கட்டையாக வெளியிடப்பட்டது. பூவில் மகரந்தம் தூவிய நாளுக்கும் கமக்காரனின் கையிற் கன்று சேர்ந்த நாளுக்கும் இடையே 67 ஆண்டுகள்!

இத்துணைக் காலம் பிடிப்பதற்குக் காரணங்கள் பல. முதலாவது, முன்னர் சொன்ன பல முளையத் தொல்லை. இரண்டாவது, விதையிலிருந்து வளரும் தோடை பூப்பதற்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள்வரை காத்திருக்க வேண்டும். சில அதற்கு மேலும் எடுக்கும். மூன்றாவது, நேவல் போன்ற சிறந்த வகைகளிற் சில, பயனுள்ள மகரந்தமே தருவதில்லை. இவை மூன்றையும் வென்றாலும் நான்காவது ஒன்று காத்திருக்கும். இனிப்புத் தோடை தானே ஒரு கலப்பினம் ஆகையால், அதனை மறுபடி கலக்கும்போது அதன் பரம்பரையலகுகள் சீட்டுக்கட்டைக் குலைத்ததுபோலக் கலைந்துவிடுகின்றன. வரும் பிள்ளை எதிலும் தோடம்பழத்தின் சுவை திரும்ப வருவதில்லை. வேண்டிய ஒரு குணத்தைச் சேர்க்கப்போய், இருந்த நூறு குணத்தை இழக்கும் நிலை இது.

இனிக் கலங்களின் கதைக்கு வருவோம். தாவரத்தின் ஒவ்வொரு கலமும் செலுலோசினால் ஆகிய கலச்சுவருக்குள் அடைபட்டுக் கிடப்பது. அச்சுவர் உள்ளவரை ஒரு கலம் மற்றொன்றோடு கூட இயலாது. 1960 இல் இங்கிலாந்தின் நொற்றிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேட் கொக்கிங் என்பார், தக்காளிச் செடியின் வேர்நுனிகளை எடுத்து, பூஞ்சணத்திலிருந்து பெற்ற நொதியத்தில் ஊறவைத்தார். உளுத்த மரத்தைப் பூஞ்சணம் தின்பதும் இந்த நொதியத்தின் துணையினால்தான். சுவர் கரைந்தது; உள்ளே இருந்த உயிர்ப்பொருள் மெல்லிய சவ்வு மட்டும் போர்த்து, உருண்டை வடிவில் வெளிவந்தது. சுவரற்ற இந்தக் கலத்தை வெற்றுக்கலம் என்று இப்பேச்சில் அழைப்போம். தனி நீரில் விட்டால் அது நீரை உறிஞ்சிப் புடைத்து வெடித்துவிடும். ஆதலால் தக்க அளவு வெல்லமோ அதையொத்த பொருளோ கரைத்த நீரிலேயே அதனை வைத்திருக்க வேண்டும். மென்மையிற் சவர்க்காரக் குமிழியை ஒக்கும். ஆனால் உயிருள்ள குமிழி.

இரண்டு குமிழிகள் தொட்டால் ஒன்றாவதுபோல இரண்டு வெற்றுக்கலங்களும் ஒன்றாகக் கூடுமோ? தாமாக எளிதிற் கூடமாட்டா, ஒன்றையொன்று விலக்கும். 1974 இல், களிம்பு மருந்துகளிற் பயன்படும் பொலியெதிலீன் கிளைக்கோல் என்னும் பொருளைச் சேர்த்தால் அவை ஒட்டிக்கொள்ளும் என்பது கனடாவில் கண்டறியப்பட்டது. மின்துடிப்பைச் செலுத்தியும் இதனைச் செய்யலாம். அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1972 இல், இரு காட்டுப் புகையிலை இனங்களின் கலங்களைக் கூட்டி முழுச் செடி ஒன்று அமெரிக்காவில் வளர்க்கப்பட்டிருந்தது. 1978 இல் செருமனியில் மெல்கர்சு என்பவரின் குழுவினர் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் கூட்டினர். மண்ணுக்குக் கீழே கிழங்கும் மேலே பழமும் ஒரே செடியில் விளையப்போகின்றன என்று பத்திரிகைகள் ஆரவாரித்தன. செடி வந்தது, ஆனால் நல்ல கிழங்கும் இல்லை, நல்ல பழமும் இல்லை. இத்துறையில் அத்தகைய ஆரவாரங்கள் பலவற்றைக் காணலாம். தோடையின் கதை அப்படி வெறும் வியப்போடு நின்றுவிடாமைக்குக் காரணம் ஒன்று உண்டு.

வெற்றுக்கலங்களைக் கூட்டுவதைவிடக் கூடிய கலத்தை மீண்டும் செடியாக்குவதே கடினம். மரங்கள் பலவற்றில் இது கைகூடுவதில்லை. ஆனால் தோடையின் சூல்வித்தினுள், தந்தையின்றியே முளையங்களை உண்டாக்கும் அந்த இழையம் இருக்கிறதே, அதனைக் கண்ணாடிப் பாத்திரத்தில் தக்க ஊடகத்தின்மேல் வைத்தால், தயிர்க்கட்டி போன்ற கலத்திரளாகப் பெருகி, அங்கேயும் முளையங்களை உண்டாக்குகிறது. பூவில் நின்று கலப்பைத் தடுத்த அதே இயல்பு, பாத்திரத்தில் கலப்புக்குக் கைகொடுக்கிறது! 1970 களில் இசுரேல் நாட்டு அறிஞர்கள், சமூத்தி என்னும் தோடை வகையின் இவ்வாறான கலத்திரளிலிருந்து வெற்றுக்கலங்களைப் பிரித்து அவற்றை மீண்டும் செடியாக வளர்த்துக் காட்டினர். வழி திறந்தது. 1985 இல் யப்பானியர், இனிப்புத் தோடையையும் மூவிலைத் தோடையையும் கலங்கூட்டி உண்டாக்கிய செடியை உலகுக்கு அறிவித்தனர். தோடைக்கு 'ஒரேஞ்சி' என்றும் மூவிலைத் தோடைக்குக் 'கராதாச்சி' என்றும் யப்பானிய மொழியிற் பெயர். இரண்டு பெயரையும் கூட்டி அச்செடிக்கு 'ஒரேதாச்சி' என்று பெயரிட்டார்கள். கலங்களைக் கூட்டியவர்கள் பெயர்களையும் கூட்டிவிட்டார்கள்.

இத்துறையில் மிக நீண்ட பணி நடந்த இடம், புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லேக் அல்பிரெட் ஆராய்ச்சி நிலையம். யூட் குறோசர், பிரெட் கிமிற்றர் ஆகிய இருவரும் 1980 களில் அங்கே தொடங்கிய வேலை பல பத்தாண்டுகளாக நீண்டது. வேலை நடக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்வது தகும்.

ஒரு பெற்றோரிடமிருந்து மேற்சொன்ன கலத்திரளை எடுக்கிறார்கள். மற்றப் பெற்றோரிடமிருந்து இளம் இலையை எடுத்து மெல்லிய கீற்றுகளாக அரிகிறார்கள். இரண்டையும் தனித்தனியே நொதியக் கரைசலில் இட்டு, இரவு முழுவதும் மெதுவாக அசைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் சுவர்கள் கரைந்திருக்கும். நுண்ணிய வலையால் வடித்து, சுழற்றிக் கழுவி எடுத்தால் வெற்றுக்கலங்கள் கிடைக்கும். நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் இலைக்கலங்கள் பச்சை மணிகள் நிரம்பியவையாகவும், கலத்திரளின் கலங்கள் நிறமற்றவையாகவும் தோன்றும். இரண்டையும் ஒரு தட்டில் துளித்துளியாகக் கலந்து, பொலியெதிலீன் கிளைக்கோல் சேர்க்கிறார்கள். பச்சையுருண்டையும் நிறமற்ற உருண்டையும் அருகணைகின்றன, ஒட்டுகின்றன, இடையிலுள்ள சவ்வு நெகிழ்கிறது, இரண்டும் ஓருருண்டையாகத் திரள்கின்றன. பின்னர் மருந்தைக் கழுவி அகற்றி, இருளில் வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். சில நாட்களில் அக்கலம் தனக்கென்று புதுச்சுவர் எழுப்பிப் பிரியத் தொடங்கும். மாதங்கள் சில கழிய முளையம் தெரியும். அதற்குப் பின் குருத்து. வேர் விடாத குருத்தை வேறொரு கன்றில் ஒட்டிக் காப்பாற்றுவதும் உண்டு.

ஒரு தட்டில் ஆயிரமாயிரம் கலங்கள் கிடக்கையில், கூடிய கலம் எது, கூடாத கலம் எது என்று எவ்வாறு தேர்வது? இங்கேயும் ஓர் எளிய தந்திரம் உண்டு. இலைக்கலத்துக்கு அந்த ஊடகத்தில் தனியே வளரும் ஆற்றல் இல்லை. ஆகவே அது தனித்து நின்றால் மடியும். கலத்திரளின் கலத்தோடு கூடினால்தான் பிழைக்கும். மூவிலைத் தோடை ஒரு பெற்றோராயின் இன்னும் எளிது. மூன்றாய்ப் பிரிந்த இலை பிள்ளையிலும் தோன்றிக் கண்ணுக்கே சாட்சி சொல்லும். ஐயமறத் துணிவதற்கு நிறமூர்த்தங்களை எண்ணுகிறார்கள். தோடையின் கலத்தில் நிறமூர்த்தங்கள் 18. பூவழிக் கலப்பில் தாயிடமிருந்து 9, தந்தையிடமிருந்து 9 என்று பாதிபாதியாக வரும். கலக்கூட்டிலோ இரண்டு பெற்றோரும் தம்மிடம் உள்ளதனைத்தையும் தந்துவிடுகின்றன, ஆகவே 36. இதனை நான்மடியம் என்பர். சீட்டுக்கட்டைக் குலைத்துப் பாதியை எடுப்பதற்குப் பதிலாக, இரண்டு கட்டையும் குலைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியது போன்றது இது. முன்னர் சொன்ன நான்காவது தொல்லைக்கு விடை இதுவே.

அப்படியானால் நோயும் அண்டாத, சுவையும் குன்றாத தோடம்பழம் கிடைத்துவிட்டதா? கிடைக்கவில்லை. நான்மடிய மரத்தின் பழம் பெரும்பாலும் தோல் தடித்துச் சாறு குறைந்திருக்கும். அதனை எவரும் விலை கொடுத்து வாங்கார். சுவிங்கிளுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. ஆனால் அவருக்குக் கிட்டிய ஆறுதலே இங்கும் கிட்டியது. பழத்துக்கு உதவாதது வேருக்கு உதவும். தனக்கு உதவாதது பிள்ளைக்கு உதவும்.

பிள்ளைக்கு உதவுவதை முதலிற் பார்ப்போம். 36 நிறமூர்த்தம் உடைய மரத்தின் மகரந்தத்தை, 18 உடைய மரத்தின் பூவில் தூவினால், முறையே 18 உம் 9 உம் கூடி 27 நிறமூர்த்தமுடைய பிள்ளை பிறக்கும். மூன்று தொகுதி நிறமூர்த்தங்களைச் சமமாக இரண்டாய்ப் பங்கிட இயலாதாகையால், அம்மரம் பழுதற்ற சூலையும் மகரந்தத்தையும் உண்டாக்காது. பழம் மட்டும் உருவாகும்; விதை இராது. வாழைப்பழத்தில் விதையின்மைக்கும் பெரும்பாலும் இத்தகைய மும்மடிய நிலையே காரணம். தாயாக, ஒரு விதையில் ஒரு முளையமே தரும் பம்பளிமாசு, கிளெமன்ரைன் போன்றவற்றைத் தெரிகிறார்கள். அத்தகைய விதைகள் முற்றுமுன் சுருங்கிவிடுவதால், முளையத்தை உரிய காலத்தில் அறுத்தெடுத்துக் குழாயில் வளர்க்க வேண்டியிருக்கும். சந்தையில் விதையற்ற பழத்துக்கே கிராக்கி என்பதை நோக்கும்போது இவ்வேலையின் மதிப்பு விளங்கும்.

வேருக்கு உதவும் கதையே என் மனத்தை மிகவும் கவர்ந்தது. திரிசுத்தேசா நோயினால் புளித்தோடைக் கட்டை கைவிடப்பட்டபோது, அதன் நற்குணங்களும் உடன் போயின. புளித்தோடை தானும் பம்பளிமாசும் மண்டரினும் கலந்து பிறந்ததே. ஆகவே லேக் அல்பிரெட் அறிஞர்கள், நோயைத் தாங்கும் பம்பளிமாசு ஒன்றையும் நல்ல மண்டரின் ஒன்றையும் தாமே தெரிந்தெடுத்துக் கலங்கூட்டினால், இயற்கை முன்பு செய்த புளித்தோடையை அந்தக் குறையின்றி மறுபடி செய்யலாம் அன்றோ என்று எண்ணினர். நோவா என்னும் மண்டரின் கலப்பினமும், யப்பானின் ஹிராடோத் தீவிற் பிறந்த பம்பளிமாசு வழியும் கூட்டப்பட்டன. இவ்வாறு பிறந்த நான்மடிய மரமும், வேறிரு பெற்றோரைக் கூட்டிப் பிறந்த மற்றொரு நான்மடிய மரமும் பூத்தபோது, அவற்றை வழக்கமான முறையில் மகரந்தம் தூவிக் கலந்தனர். இப்போது ஒரே கன்றில் நான்கு மரங்களின் இரத்தம்! நோவாவும் பம்பளிமாசும் ஒருபுறம். கிளியோபாத்திரா மண்டரினும் மூவிலைத் தோடையும் மறுபுறம். அக்கன்றுகளுள் தேர்ந்த ஒன்று யூ.எவ்.ஆர். 4 என்னும் பெயரில் ஒட்டுக்கட்டையாக வெளியிடப்பட்டது. நான்மடிய வேரில் நிற்கும் மரம் பெரும்பாலும் உயரம் குறைந்திருப்பதால், நெருக்கி நடவும் ஏணியின்றிப் பறிக்கவும் வசதி உண்டு.

கலக்கூட்டின் மூன்றாவது பயன் எவரும் திட்டமிடாமலே வெளிப்பட்டது. சிலவேளைகளில் இலைப்பெற்றோரின் கரு மட்டும் நிலைத்து, மற்றதன் கரு மறைந்துவிடும். ஆனால் கலத்துக்குச் சத்தி வழங்கும் இழைமணிகள் கலத்திரளின் பெற்றோரிடமிருந்து வந்து தங்கிவிடும். வீட்டுக்காரன் பழையவன், அடுப்பு மட்டும் அயல்வீட்டது என்பதுபோல. சில மண்டரின்களின் இழைமணிகள் மகரந்தப் பைகளைச் செயலற்றவையாக்கும் தன்மையுடையவை. சீனாவின் வூகான் நகரிலுள்ள குவாசொங் வேளாண்மைப் பல்கலைக்கழக அறிஞர்கள் இதனைப் பயன்படுத்தி, சற்சுமா மண்டரினின் இழைமணிகளை விதை நிறைந்த ஹிராடோப் பம்பளிமாசினுட் புகுத்தியதை 2004 இல் அறிவித்தனர். அம்மரம் பின்னர் பூத்தபோது மகரந்தம் உண்டாகவில்லை. பழம் பம்பளிமாசே; விதை இல்லை. கருவிலுள்ள ஒரு பரம்பரையலகையும் தொடாமல் விதையை மட்டும் நீக்கிய இந்த வேலையை, இத்துறையின் மிக நுட்பமான வெற்றி என்றே சொல்வேன்.

பூவழியில் ஒருபோதும் கூடாத தூரத்து உறவுகளையும் கலவழியிற் கூட்டலாம். பிலிப்பைன்சுக் காட்டுச் செடியான செவெரீனியாவோடு தோடையைக் கூட்டிய செய்தி 1988 இல் லேக் அல்பிரெட்டிலிருந்து வந்தது. நம் நாட்டில் யானை விரும்பியுண்ணும் விளா மரம் இருக்கிறதே, அதுவும் வில்வமும் கறிவேப்பிலையும் தோடையின் தூரத்துச் சுற்றமே. தோடையையும் விளாவையும் கூட்டிய செடிகளும் ஆய்வுகூடங்களிற் பிறந்துள்ளன. ஆயினும் சுற்றம் தூரமாகத் தூரமாகப் பிள்ளையின் வலு குன்றுகிறது. கண்ணாடிப் பாத்திரத்திற் செழித்த பல செடிகள் தோட்டத்து வெயிலிற் குறண்டிப்போயின.

இது பரம்பரையலகை வெட்டி ஒட்டும் முறையோ என்று சிலர் ஐயுறுவர். அதுவன்று. இங்கே குறித்த ஒரு பரம்பரையலகைத் தனியே பிரித்துப் புகுத்துவதில்லை. இரண்டு முழுக்கலங்களே கூடுகின்றன. ஐரோப்பிய நாடுகளின் 2001 ஆம் ஆண்டுச் சட்டவிதியும், வழக்கமான முறையிற் கலக்கக்கூடிய தாவரங்களின் கலக்கூட்டை, மரபணு மாற்றிய பயிர்களுக்குரிய கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கியுள்ளது.

மஞ்சள் தளிர் நோயை இம்முறை வென்றுவிட்டது என்று மட்டும் எவரும் கருதவேண்டா. அந்நோய் சிறிதும் அணுகாத இனிப்புத் தோடை இன்னும் கமக்காரனின் கைக்கு வரவில்லை. நோய் தொற்றியும் ஓரளவு தாங்கிக் காய்க்கும் பழவகைகளுட் பெயர்பெற்ற 'சுகர் பெல்', கிளெமன்ரைனையும் மினியோலாவையும் பழைய முறையிலே பூவழிக் கலந்து பெற்றது. 2009 இல் வெளியிடப்பட்டது. மகரந்தத் தூரிகையை அறிஞர்கள் எறிந்துவிடவில்லை. கலக்கூட்டு அதற்குப் புதிய பெற்றோரைத் தேடித் தரும் துணை வேலையாகவே இயங்குகிறது.

வேரினங்களுக்கோ அவர்கள் கடுஞ்சோதனை ஒன்றை வகுத்துள்ளனர். நான்மடியப் பெற்றோரின் விதைகளை நல்ல மண்ணில் இடுவதில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில், வேரழுகல் நோயின் வித்திகளையும் வேண்டுமென்றே கலந்து, அதில் இடுகிறார்கள். பெரும்பாலானவை அங்கேயே மடியும். பிழைத்துப் பசுமையாய் நிற்கும் சில நாற்றுகளின்மேல், மஞ்சள் தளிர் நோய் கண்ட மரத்திலிருந்து வெட்டிய கிளையையே ஒட்டுகிறார்கள். நோயுற்ற அந்தக் கிளைக்கும் உணவூட்டி அதனைத் தளிர்க்கச் செய்யும் வேர் எதுவோ, அதன் கன்று மட்டுமே தோட்டத்துக்குக் கொண்டு போகப்படுகிறது. அங்கே அது காய்க்கும்வரை காத்திருந்து, ஆண்டுதோறும் பெட்டிக் கணக்கை எழுதி வருகிறார்கள்.